எல்லோருக்கும் இருப்பது

மூன்றாவது முறையும் என் ரத்தம் ஃபெயில் என்று போன் வந்தபோது நான் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வண்டியை ஓட்டியது நான் இல்லை, ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் கையை விடும்போது நடுங்காத மனிதர், ஸ்டியரிங்கைத் தொட்டால் வெலவெலத்துப்போவார். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கற்றுக்கொள்கிறவர் ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில், என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக். அதை நான் கொஞ்சம் தாராளமாகவே மிதிப்பேன். அதனால் என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் என்னைக் கூப்பிடுவது பிரேக்கக்கா என்றுதான்.

ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

"மேடம், ஆஸ்பத்திரி லேப்லேர்ந்து பேசறேன். உங்க சாம்பிள் சரியா வரல. இன்னொரு தடவை வந்து ரத்தம் கொடுத்துட்டுப் போக முடியுமா?"

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

"ஆமா மேடம்."

"அதுக்கு முந்தின தடவையும்."

"ஆமா மேடம்."

"எனக்கு உடம்புல ஓடறது ஒரே ரத்தம்தாம்மா. புதுசா வேற எங்க போய் வாங்கிட்டு வர்றது?"

போனை வைத்தேன். பல் டாக்டர் பவ்யமாக, "ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார். "முதல்ல கிளட்ச்லேர்ந்து காலை எடுங்க," என்றேன். பாவம், அவர் என்ன செய்வார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று வந்தது கோபம் இல்லை, பயம். எனக்குப் பயம் வந்தால் அது கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். அந்த ரத்தத்தை நான் எனக்காகக் கொடுக்கவில்லை, என் தம்பிக்காகக் கொடுத்தேன்.

தம்பி ஆறடி வளர்ந்தும் வீட்டில் அவன் பொடியன்தான். லிப்ட் மெக்கானிக். முதலில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. லிப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கே லிப்ட் தேவைப்படுகிறது பார் என்று நாங்கள் கேலிகூடச் செய்தோம். அப்புறம் ஒருநாள் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். கேலி செய்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மருந்து கொடுத்து நோயைப் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் மென்மையாகப் பேசுகிறவர், எதையும் ஒளிக்காதவர். "நோய் போகல. தூங்குது. முழிச்சுக்கறதுக்குள்ள இவரோட மஜ்ஜையைத் துடைச்சு எடுத்துட்டு வேற ஒருத்தரோட மூல செல்லை, அதாவது ரத்தத்தை உண்டாக்கற செல்லை, வெச்சுடணும். இந்த வகை நோய் ரொம்ப நாள் தூங்காது," என்றார்.

முழுக்கப் பொருந்துகிற அந்நியர் யாராவது இருக்கிறாரா என்று தானம் செய்கிறவர்களின் பதிவுகளில் தேடினார்கள். யாரும் இல்லை. அம்மாவுக்கு இதயம் பலவீனம், அப்பா இல்லை. மிச்சம் இருந்தது நான் ஒருத்தி. எனக்கும் அவனுக்கும் பாதிதான் பொருந்தியது. பாதி போதுமா என்று கேட்டதற்கு, இப்போதெல்லாம் பாதியே போதும், சில சமயம் அந்தப் பொருந்தாத பாதிதான் நல்லது செய்யும் என்றார் டாக்டர். கூடப் பிறந்தவனோடு சண்டை போட்டே வளர்ந்தவள் நான். பொருந்தாத பாதியால் நன்மை உண்டு என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்பேன் என்று நினைத்ததில்லை.

எப்படி என்று அவர் விளக்கினார். நம் ரத்தத்தில் கொல்லி செல்கள் என்று ஒரு கூட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். யாரும் ஏவ வேண்டாம், முன்பின் பழக்கமும் வேண்டாம். எதிரே வருகிற ஒவ்வொரு செல்லையும் தொட்டுப் பார்க்கும். அதன் மேல் 'நான் நம்மவன்' என்கிற அடையாளம் இருந்தால் விட்டுவிடும், இல்லையென்றால் கொன்றுவிடும். தொட்டுப் பார்க்க அந்தக் கொல்லிகளின் மேல் கைகள் மாதிரி ஏற்பிகள் இருக்கின்றன. சில ஏற்பிகள் 'விடு' என்று சொல்லும், சில 'அடி' என்று சொல்லும்.

"ஒரே வண்டியில பிரேக்கும் ஆக்சிலரேட்டரும்," என்றேன்.

"அப்படித்தான். ஆனா எத்தனை பிரேக், எத்தனை ஆக்சிலரேட்டர்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும். உங்க செல்லுல இருக்கற பிரேக்குக்கு ஏத்த அடையாளம் உங்க தம்பி செல்லுல இல்லேன்னா, உங்க கொல்லி செல் அங்க போய் பிரேக் பிடிக்காது. ஒளிஞ்சிட்டிருக்கற புற்றுநோய் செல்லைத் தேடித் தேடி முடிச்சுடும். அதுக்குத்தான் உங்க ஏற்பி மரபணுக்களைப் பாக்கணும்."

அந்தச் சோதனையில்தான் நான் மூன்று முறை தோற்றிருந்தேன். மற்ற எல்லாப் பரிசோதனையிலும் தேறிவிட்டேன். இதயம், கல்லீரல், சர்க்கரை, எல்லாம் பிரமாதம். இது ஒன்றில் மட்டும், 'மாதிரி பழுது, மீண்டும் அனுப்பவும்.'

போன் வந்த அன்று மாலை டாக்டரைப் பார்த்தேன். அவர் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். டாக்டர்கள் நாற்காலியைத் திருப்பினால் நல்ல செய்தி வராது.

"ஒரு தடவைன்னா எடுத்ததுல தப்புன்னு சொல்லலாம். ரெண்டு தடவைன்னா துரதிர்ஷ்டம். மூணு தடவை பழுதுன்னா, உங்க ரத்தத்துலயே நமக்குத் தெரியாத ஏதோ இருக்கோன்னு நான் யோசிக்கணும். உங்க மஜ்ஜையையும் எடுத்துப் பாக்கணும். அது வரைக்கும் உங்க செல்லைத் தம்பிக்குக் கொடுக்க முடியாது."

"அதுக்கு எத்தனை நாளாகும்?"

"சில வாரம்."

"அவன் நோய் சில வாரம் தூங்குமா?"

"சொல்ல முடியாது," என்றார். அது போதுமான பதில்.

நான் நேராக லேபுக்குப் போனேன். நடைக்கூடத்தின் கடைசியில், யாரும் தவறிப்போய்க்கூட வராத மூலையில் இருந்தது. கதவில் 'அனுமதி இல்லை' என்று ஒட்டியிருந்தார்கள். தட்டினேன். திறந்தவள் ஒல்லியான பெண். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம் என்று பார்த்ததும் தெரிந்தது. அதற்குள் மனதில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். போனில் பேசிய குரல் அவளுடையதுதான்.

"நான்தான் அந்தப் பழுது," என்றேன்.

அவளுக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. "மேடம், உள்ள வரக் கூடாது," என்றாள்.

"என்கிட்ட படிக்கறவங்க லைசன்ஸ் டெஸ்ட்ல ஃபெயிலானா நான் அந்த ஆபீசர்கிட்ட போய் நிப்பேன். எங்க தப்பு பண்ணான், கோட்டை மிதிச்சானா, சிக்னல் போடலையா, காட்டுங்கன்னு கேப்பேன். காட்டாம ஃபெயில் போட்டா விட மாட்டேன். நீங்களும் காட்டுங்க. அப்புறம் நாலாவது தடவை என்ன, நாப்பதாவது தடவைகூட ரத்தம் தர்றேன்."

"காட்ட ஒண்ணும் இல்ல மேடம். கம்ப்யூட்டர் பழுதுன்னு சொல்லிட்டா அந்தப் படத்தை நாங்க திறந்தே பாக்கறதில்ல. அதுவே ஒதுக்கி வெச்சுடும்."

"ஒதுக்கி வெச்சது எங்க இருக்கு?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். காவலாளியைக் கூப்பிடலாமா என்று யோசித்திருப்பாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். உள்ளே சுவரோரம் குளிர்பெட்டிகள் முனகிக்கொண்டிருந்தன. 'இங்கே சாப்பிடக் கூடாது' என்கிற பலகைக்கு நேர் கீழே பாதி குடித்த டீ. சுழல்நாற்காலியைக் காட்டி, எதையும் தொடாமல் உட்காரச் சொன்னாள். கைகளை மடியில் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்தேன்.

அவள் திரையில் முதல் படத்தைத் திறந்தாள். கறுப்புப் பின்னணியில் வரிசையாகச் செங்குத்துப் பாதைகள். நெடுஞ்சாலையை மேலிருந்து பார்ப்பது போல இருந்தது. ஒவ்வொரு பாதையின் தலைப்பிலும் ஒரு வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே சிலவற்றில் இன்னொரு கோடு.

"ஒரு பாதை ஒரு மரபணு. மேல இருக்கற கோடு சோதனை ஒழுங்கா நடந்துச்சுன்னு சொல்றது. கீழ கோடு இருந்தா அந்த மரபணு உங்ககிட்ட இருக்கு, இல்லேன்னா இல்ல. பெரும்பாலானது சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. ஆனா நாலு மட்டும் எல்லாருக்கும் இருக்கும். அந்த நாலுல ஒண்ணு வரலைன்னாலும் ரத்தம் கெட்டுப்போச்சுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடும். நாங்களே அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வெச்சிருக்கோம்."

சொல்லிக்கொண்டே இரண்டாவது படத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு மூன்றாவது. பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள்.

தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்கு வெகு அருகில் போனாள். விரலால் ஒவ்வொரு பாதையாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நின்றாள். அடுத்த படத்திலும் அதே இடத்தில் நின்றாள். மூன்றாவதிலும்.

"என்னம்மா?" என்றேன்.

"மூணு தடவையும் அதே மூணு பாதைதான் காலி. மேல்கோடு எல்லாத்துலயும் பளிச்சுனு இருக்கு." மெதுவாகத் திரும்பினாள். "கெட்டுப்போற ரத்தம் ஒவ்வொரு தடவையும் அச்சு அசலா ஒரே மாதிரி கெடாது மேடம். உங்க ரத்தம் கெடவே இல்ல."

"அப்போ?"

"உங்ககிட்ட அது இல்ல. எல்லாருக்கும் இருக்கும்னு நாங்க நினைச்சுட்டிருக்கறதுல ரெண்டு, அதுக்குப் பக்கத்துல இருக்கறது ஒண்ணு. அந்தத் துண்டே இல்ல."

அவள் குரல் தாழ்ந்திருந்தது. தூங்குகிற குழந்தை இருக்கிற அறையில் பேசுகிற மாதிரி பேசினாள். எனக்கோ அது நல்ல சேதியாகப் படவில்லை. நாற்பத்தாறு வயது வரை ஒரு குறையோடு நடமாடிக்கொண்டிருந்திருக்கிறேன், அதைத் தம்பிக்கு வேறு கொடுக்கப் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

"இது என்ன வியாதி?" என்று கேட்டேன்.

"வியாதி இல்ல. உங்களுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமப் போகுமா?"

"ஜலதோஷம் பிடிச்சாக்கூட ஒரு ராத்திரிதான். என்னைப் பாத்தா அதுக்கே பயம்னு என் வீட்டுக்காரர் சொல்வார்."

"குழந்தைங்க?"

"ரெண்டு. ரெண்டும் முழுசா வளந்து எதிர்த்துப் பேசுது."

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சட்டென்று புரியவில்லை. "அந்தத் துண்டுல இருக்கற ஏற்பி இல்லேன்னா கருவே தங்காதோன்னு ஒரு காலத்துல சந்தேகப்பட்டாங்க. கர்ப்பப்பையில இந்தக் கொல்லி செல்லுங்கதான் நிறைய இருக்கும். அங்க அது கொல்றதில்ல, குழந்தைக்கு ரத்தம் போற வழியை அகலமாக்கிக் கொடுக்குது. உலகத்துல உங்கள மாதிரி ரொம்பக் கொஞ்சப் பேரைக் கண்டுபிடிச்சிருக்காங்க. நான் படிச்சிருக்கேன். நேர்ல பாப்பேன்னு நினைக்கல."

என்னை அதற்கு முன் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று என் வீட்டுக்காரர்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவள் அனுமதி இல்லை என்கிற பலகையையே மறந்துவிட்டாள். அடுத்தடுத்து மற்றவர்களின் படங்களைத் திறந்து காட்டினாள், பெயர்களை மறைத்துவிட்டு. ஒருவருக்கு ஏழெட்டுக் கோடு, ஒருவருக்குப் பதினான்கு. ஒருவருக்குப் பிரேக்குகளே அதிகம், ஒருவருக்கு ஆக்சிலரேட்டர்கள் வரிசைகட்டி நின்றன. தெருவில் போகிற இரண்டு பேரை நிறுத்திப் பார்த்தால் இந்த இடத்தில் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம் என்றாள். கூடப் பிறந்தவர்களே வேறு வேறாக இருப்பார்களாம்.

"இதுல எது நல்லது?" என்று கேட்டேன். வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விதான்.

"அதுதான் ஆச்சரியமே. ஒரு அமைப்பு இருக்கறவங்க சில வைரஸை சீக்கிரம் விரட்டிடுவாங்க. ஆனா அவங்கள்ல சிலருக்குக் கர்ப்ப காலத்துல ரத்தக் கொதிப்பு வரலாம். இன்னொரு அமைப்புக்குப் பிரசவம் சுலபம், ஆனா உடம்பே தன் மூட்டையும் தோலையும் தாக்கற நோய் கொஞ்சம் அதிகம். ஒரு கொள்ளைநோய்ல இவங்க பிழைப்பாங்க, இன்னொண்ணுல அவங்க. அதனால எதுவுமே தோத்துப் போகல. எல்லாமே இன்னிக்கு வரைக்கும் வந்துட்டிருக்கு. பாருங்க, உங்களுதுகூட."

அவள் என் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துக்கொண்டாள். என் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்க வேறொரு லேபுக்கு அன்றே அனுப்புவதாகச் சொன்னாள். அம்மாவின் எச்சிலும் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றாள். போகும்போது என்னை மேடம் என்று சொல்லாமல், "பாத்துப் போங்க அக்கா," என்றாள்.

வெளியே வந்தபோது அலுவலகங்கள் விட்டிருந்தன. சிக்னலில் மனிதர்கள் சாலையைக் கடக்கக் காத்திருந்தார்கள். அந்தச் சாலையில் எத்தனையோ வருஷமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். குறுக்கே வருகிறவர்களை நான் மனிதர்களாகப் பார்த்ததே இல்லை, பிரேக் போட வேண்டிய காரணங்களாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்று அப்படியே நின்றுவிட்டேன். பையைத் தோளில் மாட்டிய பெண், போனில் சண்டை போடுகிறவர், குடையை மறந்துவிட்டுத் திரும்பி ஓடுகிறவர், ஒவ்வொருவருக்குள்ளும் வேறு வேறு அமைப்பு. யாரோ ஒரு முப்பாட்டி ஏதோ ஒரு காய்ச்சலில் சாகாமல் தப்பித்ததால் இவர்கள் இங்கே நிற்கிறார்கள். பச்சை விழுந்து எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். எனக்குக் கண் கலங்கியது. இதை என் மாணவர்கள் யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு நிம்மதி.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதுதான் பெரும்பாடு. எச்சில் துப்பச் சொல்லிக் குப்பியை நீட்டியபடி, என்னிடம் ஒரு மரபணுத் துண்டு இல்லை, அது அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்திருக்கிறது என்றேன்.

"இல்லாதது எப்படிடி வரும்?" என்றாள் அம்மா.

"உன்கிட்ட ரெண்டு பிரதி இருக்கும்மா. ஒண்ணுல அந்தத் துண்டு இருக்கும், ஒண்ணுல இருக்காது. அப்பாவுக்கும் அப்படியே. எனக்கு ரெண்டு பேரும் இல்லாததைக் கொடுத்திருக்கீங்க. பொடியனுக்கு இருக்கறதைக் கொடுத்திருக்கீங்க."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. சைக்கிள் அவனுக்கு, ஜன்னலோர அறை அவனுக்கு, எனக்கு எல்லாமே குறைச்சல்தான் என்று இருபது வயது வரை நான் அவளைக் குத்திக் காட்டியதுண்டு. "நான் வேணும்னு செய்யலடி," என்றாள் மெல்லிய குரலில். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அவள் தோளை அணைத்துக்கொண்டு, "தெரியும்மா, துப்பு," என்றேன்.

எழுத்தெழுத்தாகப் படித்த முடிவு வந்தது. கண்ணாடிக்காரி சொன்னது சரி. அம்மாவிடம் ஒரு பிரதியில் அந்தத் துண்டு இருந்தது, மற்றதில் இல்லை.

டாக்டர் என்னையும் தம்பியையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார். பொடியனின் தலையில் முடி இல்லை, புருவமும் இல்லை. ஆனால் காலை நீட்டி உட்காரும் திமிர் அப்படியே இருந்தது. கண்ணாடிக்காரியும் வந்து சுவரோரம் நின்றாள்.

"ரத்தம் சுத்தமா இருக்கு. அது பெரிய நிம்மதி," என்றார் டாக்டர். "உங்க அக்காவோட மத்த ஏற்பிகளைப் பாத்தா, உங்களுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு. அவங்க பிரேக்குகளுக்கு உங்க செல்லுல பிடிமானம் கம்மி. இந்த நோய்க்கு அது நல்லது. ஆனா அந்தத் துண்டே இல்லாத ஒருத்தரோட மூல செல்லை இன்னொருத்தருக்கு வெச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சு யாரும் எழுதி வைக்கல. நல்லதாகவும் முடியலாம், அடங்காம உங்க உடம்பையே தாக்கவும் செய்யலாம். வேற ஆள் கிடைக்கற வரைக்கும் காத்திருக்கலாம், அதுக்குள்ள நோய் முழிச்சுக்கலாம். முடிவு உங்களோடது."

நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதைச் செய்தது நோய் இல்லை, நான். என் ரத்தம் அவனைக் கொன்றதாக இருக்கும். இத்தனை வருஷ வேலையில் எந்த ஆபத்து எதிரே வந்தாலும் என் கால் தானாக முன்னே போகும். அன்று கால் இருந்தது, மிதிக்க ஒன்றும் இல்லை.

பொடியன் என்னைப் பார்த்தான். பிறகு டாக்டரைப் பார்த்தான்.

"நான் லிப்ட் வேலை பாக்கறவன் சார். புது லிப்ட் வெச்சா ஆளை ஏத்தறதுக்கு முன்னாடி சும்மா பல தடவை ஓட்டிப் பாப்போம். அக்கா நாப்பத்தாறு வருஷமா ஓடிட்டிருக்கா. நடுவுல ஒரு நாள் நின்னு நான் பாத்ததில்ல. இதுக்கு மேல என்ன சோதனை ஓட்டம் வேணும்?"

"டேய்," என்றேன்.

"நீ பேசாதக்கா. என் உடம்பு," என்றான்.

என்னிடமிருந்து மூல செல்களை எடுத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போய், இயந்திரத்தில் சுழன்று, மறு கை வழியாகத் திரும்பி வந்தது. கடைசியில் என் கண்ணுக்குத் தெரிந்தது சின்னப் பை ஒன்று, வெளிறிய சிவப்பில். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றார் நர்ஸ். அவன் கட்டிலருகில் அதைத் தொங்கவிட்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தேன். துளித்துளியாக இறங்கியது. அவன் உடம்பில் அப்போது பழைய மஜ்ஜை இல்லை, புதியதும் இல்லை. யாருடைய ரத்தமும் ஊறாத உடம்பாகப் படுத்திருந்தான்.

அதன் பிறகு வந்த நாட்களை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. வாயெல்லாம் புண், தண்ணீர் விழுங்கவே அழுதான். காய்ச்சல் வந்தது. தோலில் சிவப்பு படர்ந்தபோது என் செல்கள் அவனைத் தாக்கத் தொடங்கிவிட்டன என்றார்கள். நான் வண்டியை எடுக்கவில்லை. யாருக்கும் கற்றுக்கொடுக்கிற நிலையில் இல்லை. மாத்திரை கொடுத்தார்கள், சிவப்பு மெல்ல வற்றியது. பிறகு ஒரு காலை அவன் வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். அவை யாருடையவை என்று பார்க்க வேண்டும் என்றார். பழையவை திரும்பியிருந்தால் நோயும் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

முடிவைச் சொல்லக் கண்ணாடிக்காரி தானே வார்டுக்கு வந்தாள். முகமூடி போட்டிருந்ததால் அவள் முகத்தைப் படிக்க முடியவில்லை. அம்மா என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரி ஒரு படத்தை எடுத்துப் பொடியனின் போர்வை மேல் வைத்தாள். கறுப்பில் வெள்ளைக் கோடுகள்.

"இது உங்க ரத்தம். நேத்து எடுத்தது," என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். விரலை ஒவ்வொரு பாதையாக நகர்த்திக்கொண்டே போனான். மூன்று பாதைகள் காலியாக இருந்தன.

"பழசு கொஞ்சம்கூட இல்லையா?" என்றான்.

"தேடிப் பாத்தோம். கிடைக்கல. தோல், முடி, நகமெல்லாம் உங்களோடது. ரத்தம் முழுக்க அக்காவோடது. நோய் எங்கயும் தென்படல."

அம்மா முதலில் புரிந்துகொள்ளவில்லை. பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைத் தூக்கப் போனேன். விடு என்று கையை உதறினாள்.

பொடியன் அந்தக் காலி இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. டாக்டரிடம் பிறகு கேட்டோம்: அந்தத் துண்டு இல்லாததால் பிழைத்தானா, இருந்திருந்தாலும் பிழைத்திருப்பானா என்று. தெரியாது என்றார். ஒருவரை வைத்து எதையும் சொல்ல முடியாதாம். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அன்று அந்த அறையில் அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பொடியன்தான் தலையை நிமிர்த்தினான். புருவம் இருந்த இடத்தில் பூனைமுடி போல ஏதோ முளைத்திருந்தது.

"அக்கா, எல்லாருக்கும் இருக்கறது ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு," என்றான். "இப்போ இல்ல."

"ஆமாடா," என்றேன்.

"நான் இருக்கேன்," என்றான்.